தட்டாத கை

கீழக்குயில்குடி சோணை பழக்கிய நாய் என்றால் முயல் வேட்டைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார்கள். சொல் கேட்காத நாயை அவன் இரண்டாம் முறை வேட்டைக்குக் கூட்டிப்போனதில்லை.

நாற்பத்தாறாம் வருஷம் அவன் மச்சினன் கண்ணுச்சாமி பர்மாச் சண்டையில் இரு கண்களையும் இழந்து ஊர் திரும்பினான். சீமையில் பார்வையற்றவர்களை நாய் கூட்டிப்போகிறது என்று ராணுவ ஆஸ்பத்திரியில் கேள்விப்பட்டிருந்தான். மனைவி கையைப் பிடிக்காமல் தோட்டத்துக்குத் தனியே போய்வர வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான். வழியில் மாடு கட்டி நீர் இறைக்கும், கைப்பிடிச்சுவர் இல்லாத கமலைக் கிணறு ஒன்று வாய் திறந்து கிடந்தது.

சோணை செவலை என்ற பெட்டை நாயைத் தேர்ந்தெடுத்தான். நாய்க்குத் தன் உடம்பு நுழைகிற சந்தெல்லாம் வழிதான். அதனால் அதன் விலாவில் ஓர் ஆள் அகலத்துக்குக் கம்பு கட்டி நடத்தினான். அது எளிதாகப் படிந்தது. கிணற்றின் முன் 'போ' என்றாலும் போகாமல் நிற்கப் பழக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கீழ்ப்படிதலையே கற்பித்துப் பிழைத்தவன் மறுக்கக் கற்பிக்க வேண்டியிருந்தது. அதன் கனம் அவனுக்கு முழுதும் புரிந்திருந்தது என்று நான் சொல்லமாட்டேன். நின்றால் கருவாட்டுத் துண்டு கொடுத்தான். செவலை நிற்கப் பழகியது.

சோதனை நாளில் சோணை கிணற்றோரத்தில் கமலைக்கால் அருகே நின்றான். வாயே திறக்கக்கூடாது என்பது பேச்சு. செவலையின் தோல்வாரில் மாட்டிய மூங்கில் பிடியைப் பற்றிக்கொண்டு கண்ணுச்சாமி வந்தான். கிணற்று விளிம்பில் செவலை நின்றது. கிணறு இன்னும் தள்ளியிருப்பதாக அவன் நினைப்பு. ஆடு ஏதோ குறுக்கே வந்துவிட்டது என்று எண்ணினான். 'போ' என்றான். அது அசையவில்லை. மறுபடியும் சொன்னான். செவலையின் முதுகு நடுங்கியதைச் சோணை பார்த்தான்.

புதர் முன் தயங்கும் நாயின் பின்தொடையில் இரண்டு தட்டுத் தட்டுவது அந்த ஊர் வேட்டை வழக்கம். தட்டினால் பாய்ந்தே ஆகவேண்டும். சிறுவயதில் வேட்டைக்குப் போன கண்ணுச்சாமியின் கை, தானாகத் தட்டியது. சொல்லை மறுக்கப் பழக்கிய சோணை, கையை நினைத்தே பார்க்கவில்லை.

அவன் வாய் திறப்பதற்குள் செவலை பாய்ந்துவிட்டது. கண்ணுச்சாமி குப்புற விழுந்தான். மார்புவரை விளிம்புக்கு வெளியே. கீழே கற்கள் தண்ணீரில் விழும் சத்தம்.

"பிடியை விடு மாப்ள!"

அவன் விடவில்லை. சோணை ஓடிவந்து கால்களைப் பற்றி இழுத்தான். ஆளும், வாரில் தொங்கிய நாயும் மேலே வந்தார்கள்.

இந்த நாய் இனி ஆகாது, வேறு பார்ப்போம் என்றான் சோணை.

கண்ணுச்சாமி மண்ணில் உட்கார்ந்து செவலையின் காதைத் தடவிக்கொண்டிருந்தான். "அது நின்னுச்சு மச்சான். நாந்தான் தட்டுனேன்."

சோணை அவர்களை வந்த வழியே வண்டிப்பாதை வரை கூட்டிப்போய், மறுபடி நடக்கச் சொன்னான். இந்த முறை கண்ணுச்சாமியின் வேட்டியைப் பின்னால் பிடித்துக்கொண்டே நடந்தான்.

செவலை நின்றது. கிணற்று விளிம்பில் 'போ' என்ற சொல்லுக்கு அது அசையவில்லை. கண்ணுச்சாமியின் வலது கை உயர்ந்தது. சோணையின் பிடி இறுகியது. கை அந்தரத்திலேயே சிறிது நேரம் நின்று, பிறகு கண்ணுச்சாமியின் தொடையிலேயே வந்து இறங்கியது.

செவலை கிணற்றைச் சுற்றிப்போக இடப்பக்கம் திரும்பியது. அவனும் திரும்பினான். சோணை வேட்டியை விட்டான்.