டைரிப்படி அவருக்கு ஓய்வு

எண்பதுகளில் ராமேஸ்வரம் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றில் நான் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றால் கதை எழுதுபவன் என்று என் மாமியார் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எழுதியது என்னவோ நிலைய டைரிதான்: யாருக்கு எங்கே டூட்டி, எப்போது போனார், எப்போது வந்தார். அதிலும் கொஞ்சம் கதை உண்டு. இரண்டு போலீஸ்காரர்கள் தங்களுக்குள் டூட்டி மாற்றிக்கொண்டால் வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இன்ஸ்பெக்டர் முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட டூட்டிப் பட்டியலைத் திருத்தாமல், அதன்படியே நான் டைரியை எழுதிவிடுவேன். எல்லா நிலையத்திலும் நடந்ததுதான்.

ஒரு தை அமாவாசைக்கும் அப்படித்தான். கடற்கரை பந்தோபஸ்துக்குப் போக வேண்டியவருக்கு ஆர்.எஸ்.மங்கலத்தில் நெல் அறுப்பு. "நீ போயிட்டு வாப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று, அன்று ஓய்வில் இருந்த இன்னொருவர் காக்கியை மாட்டிக்கொண்டு போனார். தீர்த்தமாட வந்த கூட்டம் நெருக்கியதில் சவுக்குக் கட்டைத் தடுப்பு சாய்ந்தது. அதன் அடியில் நின்ற ஓர் அம்மாளை இழுத்துவிட்டவர், தான் மாட்டிக்கொண்டார். மதுரையில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இனி போலீஸ் வேலைக்கு லாயக்கில்லை என்று மருத்துவக் குழு எழுதியது. பணியில் பட்ட காயம் என்றால் தனி ஓய்வூதியம் உண்டு. இல்லையென்றால், அவருடைய ஏழு வருடச் சர்வீஸுக்கு மாத ஓய்வூதியமே கிடையாது. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். டைரியிலோ அவர் பெயருக்கு நேரே என் கையெழுத்தில் 'ஓய்வு' என்று இருந்தது.

விசாரித்த அதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். அறுப்புக்குப் போனவரும் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். எங்கள் இருவருக்கும் ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். போகட்டும், அவருக்கு ஓய்வூதியம் வந்துவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நாலு மாதம் கழித்து உத்தரவு வந்தது. எழுத்தில் டூட்டி போடப்படாததால், அவர் அங்கே தன் விருப்பத்தின் பேரில் இருந்ததாகவே கருதப்படும். ஆகவே அது பணியில் பட்ட காயம் ஆகாது.

நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"அப்ப அன்னைக்கு நான் அங்கன தீர்த்தமாடப் போனேனாக்கும்?" என்றார்.

'ஓய்வு' என்று எழுதிய கையை வெட்டிப் போடலாம் போல ஆத்திரமாக இருந்தது.

அடுத்த வாரம், அரசு கொடுத்த சாமான்களை ஒப்படைக்க ஊன்றுகோலோடு வந்தார். தொப்பி, பெல்ட், விசில் எல்லாம் சரி. பூட்ஸ் மட்டும் ஒன்றுதான் இருந்தது.

"இன்னொண்ண ஆஸ்பத்திரியில அறுத்துல்ல எடுத்தாக."

குறையும் சாமானுக்குக் காரணம் எழுத வேண்டும். 'இடது பூட்ஸ், பந்தோபஸ்துப் பணியில் சேதம்' என்று எழுதி, அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்ட அதே அதிகாரிக்கு அனுப்பினேன். மறுநாளே சாமான் பட்டியல் திரும்பி வந்தது. பூட்ஸ் பணியில்தான் சேதமானது என்று ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தார்.