உறைக்குள் போன ஓட்டுகள்

வாக்குச்சாவடியில் வேட்பாளரின் ஏஜெண்ட் உட்காருவது ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடிக்க. கையேடு அப்படித்தான் சொல்கிறது. அலுவலர் வாக்காளரின் பெயரை உரக்கப் படிக்க வேண்டும். வந்திருப்பவர் அவரல்ல என்று தெரிந்தால் ஏஜெண்ட் ஆட்சேபிக்க வேண்டும். அரசுப் பணியில் இருந்த காலத்தில் சில தேர்தல்களில் தலைமை அலுவலராக இருந்து அந்தக் கையேட்டை வரிவரியாகப் படித்தவன் நான். கட்சி ஏஜெண்டுகளில் ஒருவர்கூட அதைப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர்களிடம் வேறொரு விதி இருந்தது. அது எங்கும் அச்சாகவில்லை. எவரும் அதை மீறியதும் இல்லை.

1986 உள்ளாட்சித் தேர்தல். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஓய்வு பெற்று, தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு புறநகரில் வீடு கட்டிக் குடியேறியிருந்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் ஓடியது. ஓடியது என்று சொல்வது மரியாதைக்காக. அதில் பாதியை மண் கொட்டி மூடி மனை போட்டு விற்றாகிவிட்டது. விற்றவர்களில் ஒருவர் ஒரு கட்சி, இன்னொருவர் எதிர்க்கட்சி. ஐப்பசி வந்தால் கால்வாய் போக வேண்டிய வழி தெரியாமல் எங்கள் சமையலறைக்குள் வரும். என் மனைவி கட்டில்மேல் ஸ்டவ்வை வைத்துச் சமைத்த நாட்கள் உண்டு.

அந்தத் தேர்தலில் பக்கத்துத் தெருவிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் எங்கள் வார்டுக்குச் சுயேச்சையாக நின்றார். அவருடைய வாக்குறுதி ஒன்றே ஒன்று: கால்வாயைத் திறப்பேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அதனாலேயே என் மனைவி அவரை நம்பினாள்.

வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்தில். மனைவி சமையலை முடித்து, பாத்திரம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு கிளம்பும்போது மூன்றரை மணி. நான் காலையிலேயே போட்டுவிட்டிருந்தேன்; துணைக்குப் போனேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அந்த நேரத்துக்குத்தான் போவார்கள். ரயிலில் ஊருக்குள் வேலைக்குப் போனவர்கள் அதற்கும் பிறகு. இது எனக்குத் தெரிந்ததைவிட ஏஜெண்டுகளுக்கு நன்றாகத் தெரியும்.

சுவரொட்டிகளில் ஒருவரை ஒருவர் துரோகி என்று திட்டிக்கொண்டிருந்த இரண்டு கட்சிகளின் ஏஜெண்டுகளும் ஒரே பெஞ்சில், ஒரே பொட்டலத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். நர்ஸின் ஏஜெண்டாக வந்த அவருடைய தம்பியைக் காணோம். சாப்பிடப் போனவரைத் திரும்ப உள்ளே விடவில்லை என்று பிறகு தெரிந்தது.

"அம்மா, உங்க ஓட்டு ஆயிட்ச்சே," என்றார் ஒரு ஏஜெண்ட், வேர்க்கடலைச் சட்னியை வழித்தபடி.

என் மனைவி இடது கையை நீட்டினாள். "மை எங்க இருக்கு, காட்டுங்க."

"மை இன்னாம்மா மை, தேச்சா பூடும்."

"உங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியும்."

அடுத்த கட்சி ஏஜெண்ட் சமாதானத்துக்கு வந்தார். "சார், நீங்க படிச்சவரு. மூணு மணி வரைக்கும் வராத ஓட்டு சும்மா போவக் கூடாதுன்னு ஆளுக்குப் பாதியா பிரிச்சிக்கினோம். இவருக்கும் வஞ்சன இல்ல, எனக்கும் வஞ்சன இல்ல. அம்மாது யாரு பங்குல போச்சின்னுகூட தெரியாது."

இதை அவர் வெட்கமில்லாமல் சொல்லவில்லை, பெருமையோடு சொன்னார். சண்டை இல்லாமல் தேர்தலை நடத்திக் கொடுத்த பெருமை. இந்த நாட்டில் கட்சிகள் இரண்டும் ஒரு மனதாகக் கடைப்பிடித்த கொள்கையை நான் நேரில் பார்த்தது அன்றுதான்.

தலைமை அலுவலர் ஒரு பள்ளி ஆசிரியர். தலைகுனிந்து எதையோ எழுதுவதுபோல இருந்தார். ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு கொடுங்கள் என்றேன். ஒருவர் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால், உண்மையான வாக்காளருக்குத் தனியாக ஒரு சீட்டுத் தர வேண்டும் என்பது விதி.

"சார், வேணாம் சார். ராத்திரி பொட்டிய தூக்கிட்டு நான் இவங்களத் தாண்டித்தான் போகணும்."

"விதி எண் சொல்லவா?"

சீட்டு வந்தது. மனைவி முத்திரை குத்தி மடித்துக் கொடுத்தாள். அலுவலர் அதைத் தனி உறையில் போட்டார். வெளியே வந்ததும் கேட்டாள்: "பெட்டியில போடலையே. அத எப்பங்க எண்ணுவாங்க?"

எண்ணமாட்டார்கள். கோர்ட் கேட்டால் தவிர அந்த உறையைத் திறக்கவே மாட்டார்கள். அதைச் சொன்னேன். "அப்ப எதுக்கு என்னை அவ்வளவு நேரம் நிக்க வெச்சீங்க?" என்றாள்.

ஆனால் உறையில் இருந்தால்தானே கோர்ட் கேட்க முடியும்? பள்ளி வாசலிலிருந்து உரிய தூரம் தள்ளி நின்றுகொண்டேன். திட்டிக்கொண்டே திரும்பி வந்தவர்களை எல்லாம் மறுபடி உள்ளே அனுப்பினேன். கோவளத்திலிருந்து மீன் எடுத்துவந்து எங்கள் தெருக்களில் விற்கும் பெண், கூடையோடு வந்தார்.

"என் ஓட்ட எவனோ குத்திக்கினு பூட்டான் சார். அவன் கையி வெளங்குமா?"

தனிச் சீட்டுக் கேளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். உள்ளே போனார். ஏஜெண்டின் குரலை அமுக்கிக்கொண்டு அவர் குரல் தெருவரை கேட்டது. "காலைல மீனு வாங்கசொல்லோ என் மூஞ்சி தெரீது, இப்ப தெரிலியா உனுக்கு?" சீட்டு உடனே கிடைத்தது.

மறுநாள் எண்ணினார்கள். நர்ஸ் ஏழு ஓட்டில் தோற்றார். உறையில் கிடந்தவை பதினொன்று.

வழக்குப் போடுங்கள் என்று சொல்ல அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். தாம்பாளத்தில் பழம், வெற்றிலையோடு. "ஒரே ஊர்ல இருக்கணும்க்கா," என்றார் ஒருவர். "பொண்ணு கல்யாணத்துக்கு நாங்கதான நிக்கப் போறோம்," என்றார் மற்றவர். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "விட்டுடுங்க சார்" என்று மட்டும் சொன்னார். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. இருக்கும் கோபமெல்லாம் அந்தத் தாம்பாளத்தோடு வந்தவர்கள்மீதே செலவாகிவிட்டது. வேட்பாளரே வராத வழக்கை எந்த வக்கீலும் எடுக்கவில்லை.

தேர்தல் முறையை மாற்ற வேண்டும் என்று பத்திரிகையில் எழுதுகிறவர்கள் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்பார்கள், கட்சிகளுக்குள் தேர்தல் என்பார்கள். எல்லாம் சரி. தனக்குள் ஒரு செயலாளரைக்கூட ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத கட்சி, ஊரில் ஓட்டை எப்படி நடத்தும் என்பது நியாயமான கேள்வி. என் கேள்வி அதைவிடச் சின்னது. திருடியவன் ஓட்டைப் பெட்டியில் போட்டு எண்ணுகிறீர்கள். பறிகொடுத்தவர் ஓட்டை உறையில் போட்டு அரக்கு வைக்கிறீர்கள். வித்தியாசத்தைவிட உறையில் அதிகம் இருந்தால், யாரும் கேட்காமலேயே அதைத் திறக்க வேண்டும். சாவடிக்குள் கட்சி நியமித்த ஆட்கள் மட்டும் காவல் என்பதையும் ஒழிக்க வேண்டும். இருவரும் கூட்டாளிகள் ஆனபின் யார் யாரைக் காப்பது? இதைத்தான் தேர்தல் அலுவலகத்துக்கு எழுதினேன். முதல் இரண்டு பத்தியில் கேட்டது, உறையைப் பத்திரமாக வைத்திருங்கள் என்பது.

பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது. இதற்கிடையே கால்வாயின் மிச்சப் பாதியின்மேல் சிமெண்ட் பலகை போட்டுக் கடைகள் எழும்பின. திறப்பு விழாவில் இரண்டு கொடியும் பறந்தன. அடுத்த மழையில் தண்ணீர் கட்டிலைத் தொட்டது. மனைவி அரிசி டின்னைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். அதற்கடுத்த தேர்தல் எதிலும் அவள் சாவடிக்கு வரவில்லை.

கடைசியில் பதில் வந்தது. ஒரே ஒரு பத்தி. "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. வழக்கு ஏதும் நிலுவையில் இல்லாததால் மேற்படி உறை உட்பட அனைத்து ஆவணங்களும் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன." விதிப்படிதான். எந்தக் குறையும் சொல்ல முடியாது. வந்தது 1991ல், எங்கள் வார்டு உறுப்பினரின் பதவிக்காலம் முடிந்ததற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை.