காரணம்: சந்தனம்

2005ஆம் ஆண்டு ஆயுத பூஜை விடுமுறை முடிந்த காலையில், திருத்தணியில் நான் எழுத்தராக இருந்த அலுவலகத்தின் கணினித் தொடர்பு அறுந்துபோயிருந்தது. மீடியா கன்வர்ட்டரைப் பார்க்க ஒப்பந்த மெக்கானிக் வந்தார். செம்புக் கம்பியில் வருவதை ஒளியாக்கிக் கண்ணாடி இழைக்குள் அனுப்பும் சின்னப் பெட்டி அது. அவர் ஒல்லியானவர்; இழையைக் கழற்றினால், பேச்சின் நடுவிலும் அதன் முனைக்கு மூடி போட்டுவிடுவார். நாங்களோ பூஜைக்காக அந்தப் பெட்டியைக் கழற்றித் துடைத்து, பொட்டு வைத்து மாட்டியிருந்தோம். ஒளி போகும் துளைக்குள் சந்தனம் காய்ந்திருந்தது.

"இடி விழுந்துச்சுன்னு எழுதிக் குடுய்யா, புதுசு வந்துடும்" என்றார் மேலாளர்.

"இடிக்குப் பயந்துதான சார் செம்பை எடுத்துட்டு இழை போட்டோம்? நானே இடின்னு எழுதுனா, அப்புறம் எவன் இழையை நம்பி மாட்டுவான்?"

"உன் கான்ட்ராக்ட் என் கையெழுத்துல ஓடிக்கினு இருக்குது, தெரியுமில்ல?"

"ஆங், தெரியுங்க."

மெக்கானிக் அறிக்கையில் 'காரணம்: சந்தனம்' என்று எழுதி, கையெழுத்திட்டு நீட்டினார். அடுத்த மாதம் அவருக்குப் பதில் வேறொருவர் வந்தார்.

அந்தத் துளையில் பொட்டு வைத்தவன் நான். வைத்தது யாரென்று அந்த ஒல்லி மெக்கானிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனா என்பது எனக்கு இன்றும் தெரியவில்லை.