மல்லாட்டைத் தோல் மக்கும்வரை

மளிகைக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்த மறுநாளே எனக்குக் கை துறுதுறுத்தது. முப்பது வருஷம் செஞ்சிக் கடைத்தெருவில் ஷட்டர் தூக்கிய கை. வீட்டில் அரிசி டின்களை இடம் மாற்றினேன். டப்பாவுக்கு டப்பா பெயர் எழுதி ஒட்டினேன். அடுப்பை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொல்லி மனைவியின் உயிரை வாங்கினேன். மகளின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று சென்னைக்குப் போனவள், ஐந்து மாதமாகியும் திரும்பவில்லை.

குழந்தை நன்றாக இருந்தது. மகளும் வேலைக்குக் கிளம்பிவிட்டாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவள் மாமியார் இருக்கிறார். பிறகு இவளுக்கு அங்கே என்ன வேலை? கேட்டால் வருகிறேன் வருகிறேன் என்பாள். இனி வரவே மாட்டாளோ என்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

அவள் சிங்கவரத்துக்காரி, கழனியில் வளர்ந்தவள். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி காய்கறி போடவேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. இப்போது போட்டுக் காட்டினால் ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

பின்பக்கம் முழுக்கச் சரளை. மம்பட்டி போட்டால் கை அதிர்ந்தது. இரண்டு நாள் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கொத்தி, ஒரு டிராக்டர் ஏரி வண்டல் அடித்தேன். நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை உடைக்கிற மில்லில் தோல் குவிந்து கிடந்தது. அதில் பத்து மூட்டை ஏற்றி வந்தேன். அதை முதலில் சாணியோடு குழியில் போட்டு ஆறு மாதம் மக்கவிட வேண்டும் என்று அவள் போனில் சொன்னாள். ஆறு மாதமா? அன்று சாயங்காலமே மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி, வண்டலோடு புரட்டி, மறுநாள் கத்தரி நாற்று நட்டுவிட்டேன். சரக்கு வந்த அன்றே தட்டில் அடுக்கிப் பழகியவனுக்கு வேறென்ன தோன்றும்?

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பார்த்தேன். வேர் பிடித்ததா என்று ஒன்றிரண்டைப் பிடுங்கிக்கூடப் பார்த்தேன். இரண்டாம் வாரம் இலைகள் மஞ்சளாயின. ஓரளவு பச்சையாக இருந்தவற்றை மட்டும் ஒரே பாத்திக்கு மாற்றி நட்டு, போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. தோலை அப்படியே போட்டுவிட்டீர்களா என்றாள். ஆமாம் என்றேன்.

"அது மக்கறதுக்கே மண்ணுல இருக்கற சத்தயெல்லாம் இழுத்துக்கும்ங்க. அப்புறம் செடிக்கு இன்னா இருக்கும்?"

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி கொத்துகிறேன் என்றேன். கொத்த வேண்டாம், சாணியைக் கரைத்து ஊற்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு தள்ளி இருங்கள், போதும் என்றாள். நான் விடவில்லை. அது கிடக்கட்டும், நீ எப்போது வருகிறாய் என்று கேட்டேன்.

"வரணும்னுதாங்க இருக்குது. ஆனா நீங்க எதயாவது நோண்டிக்கினே இருந்தா எனக்கு அங்க மூச்சு முட்டுது. அதான் நாளத் தள்ளிக்கினு இருக்கறேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. போனை வைத்துவிட்டு விறுவிறுவென்று பின்பக்கம் போய், மம்பட்டியை எடுத்து ஓங்கியும் விட்டேன். ஓங்கிய பிறகுதான் வெட்கமாக இருந்தது. அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

"ஆறு மாசம் இங்கயே இருக்கட்டும். நானே வந்து கேட்டாலும் குடுத்துடாதீங்க."