துணிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு

துணிக்கு ஒரு பீச்சு. பிறகு தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இடப்பக்கம் ஓட்டி, மேஸ்திரி எங்கே நிற்கிறார் என்று பார்ப்பாள். அவர் முதுகு தெரிந்தால் தனக்கும் ஒரு பீச்சு. பிடரியில் பட்டு முதுகுவழியாக இறங்குகிற மாதிரி. அடுத்த நொடி இஸ்திரிப்பெட்டி சட்டையின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். "துணிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று உதடு மட்டும் அசையும்.

இவள் என் அக்கா. சலவைக்கூடத்தில் முதல் மேசைக்காரி. முதல் மேசை என்றால் நீராவிக் குழாயை ஒட்டியது. பெரிய ஓட்டலிலிருந்து வரும் வெள்ளைச் சட்டைகள் அங்கே மட்டும்தான் வரும். கைவேலை சுத்தமானவர்களுக்கே அந்த இடம். அங்கே அடிக்கிற அனலில் ஈரக்கை நீட்டினால் காய்ந்து திரும்பும். நான் முன்னறையில், காற்றாடிக்கு நேர் கீழே, துணிகளுக்கு அடையாளச் சீட்டு கட்டுகிறேன். கதவு எப்போதும் திறந்திருக்கும். அதனால் அவள் செய்கிற எல்லாத் திருட்டுத்தனமும் எனக்கு அத்துப்படி. பீச்சுகிற பாட்டிலின் மூக்கைத் திருகி, சாரலை ஒற்றைக் கம்பியாக மாற்றி வைப்பது என் பொழுதுபோக்கு. அது மூஞ்சியில் அடித்தால், "டேய் வழுக்க, வீட்டுக்கு வா, உன்ன மடிச்சு அலமாரியில வைக்கிறேன்" என்பாள்.

சட்டைகளோடு பேசுவாள். "அடம் பிடிக்காத, காலரக் குடு" என்று கெஞ்சுவாள். சட்டையைப் பார்த்தே ஆளையும் சொல்லிவிடுவாள். "இவன் பஸ்ல தூங்குறவன்டா, ஒரு பக்கத் தோள் மட்டும் நசுங்கியிருக்கு பாரு." கத்தரிக்கோல் அவளுக்குத் தேவையில்லை. முன்பல் இரண்டும் சீவிய பென்சில் மாதிரி கூராக இருக்கும். நூல் பிசிறை அதில் வைத்து ஒரே இழுப்பு. பின்னல் எலிவால் கனம். அதைச் சொன்னால் மட்டும் கோபம் வரும். ஆகவே தினமும் சொல்கிறேன்.

என் தலையில் அந்த எலிவாலும் கிடையாது. பிறந்த நாளிலிருந்து எனக்கு ஒரு சொட்டு வேர்த்ததில்லை, பற்களைக் கைவிரலிலேயே எண்ணிவிடலாம், முடி ஏதோ மரியாதைக்கு இருக்கிறது. வேர்க்காத உடம்பு வெயிலில் கொதித்துப் போகும். அதனால் பள்ளிக்கூடத்தைப் பாதி வருஷம் ஜன்னல் வழியாகவே பார்த்தேன், மீதிப் பாதியில் பள்ளிக்கூடமே என்னைப் பார்க்க விரும்பவில்லை. இது அம்மா வழியில் வருகிற கோளாறு. வீட்டில் நோயாளிப் பதவி முழுக்க எனக்கு. காற்றாடி என் பக்கம், ஈரத் துண்டு என் கழுத்தில்.

அக்காவும் வெயிலில் முகம் செங்கல்லாகித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். நேராகக் குளியலறைக்குப் போய் உடுத்திய துணியோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். அம்மா சத்தம் போடுவாள்: "உனக்கென்னடி கேடு? அது ஆம்பளப் பசங்களுக்குத்தான் வரும். பொண்ணுங்க சும்மா சுமந்துக்கிட்டுப் போவாங்க, அவ்வளவுதான்."

"நான் என்ன கூரியரா?" என்பாள் அக்கா, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சலவைக்கூடத்தில் வேறு தொல்லை. எங்கள் மேஸ்திரி நல்ல மனிதர்தான். ஆனால் உழைப்பை அவர் வேர்வையால் அளப்பார். அக்கா சேர்ந்த புதிதில், மலை மாதிரி துணியைத் தேய்த்து முடித்துவிட்டு நின்றவளின் முகத்தை உற்றுப் பார்த்து, "நெத்தியில ஒரு பொட்டு ஈரமில்ல. என்னம்மா வேல பாத்த?" என்றார். அன்றிலிருந்துதான் இந்தத் திருட்டுப் பீச்சு. உடம்பும் குளிரும், வேர்த்த மாதிரியும் இருக்கும். ஒரே தண்ணீரில் இரண்டு வேலை. நனைந்த முதுகைப் பார்த்து மேஸ்திரி மற்றவர்களிடம், "அந்தப் பொண்ணப் பாத்துக் கத்துக்கங்க" என்பார். எனக்குச் சிரிப்பை அடக்க வாயில் சீட்டைக் கவ்விக்கொள்ள வேண்டியிருக்கும்.

போன கோடையில் பாட்டில் காலியாகிவிட்டது. நிரப்பப் போக மேஸ்திரி விடவில்லை, ஓட்டல் வண்டி வாசலில் நின்றது. கையில் சட்டையோடு அப்படியே சரிந்தாள். விழும்போதும் சட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தாள், தரையில் படவில்லை. மேஸ்திரி, "இன்னொரு தடவ விழுந்தா மடிக்கிற அறைக்குப் போயிடணும்" என்று சொல்லிவிட்டார். மடிக்கிற அறையில் குளுமை உண்டு. ஆனால் முதல் மேசைக்காரியை அங்கே அனுப்புவது, சைக்கிளில் பறக்கிறவனை இறக்கி ஸ்டாண்டை மட்டும் துடைக்கச் சொல்கிற மாதிரி. அன்று இரவு அவள் என்னை ஒரு திட்டுகூடத் திட்டவில்லை. பயந்து போனேன்.

பிறகு என் வழக்கமான பரிசோதனைக்குத் துணைக்கு வந்தாள். தோல் டாக்டரம்மா என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் பல்லையே பார்த்தார். "உங்களுக்கு வேர்க்குமா?"

"அங்கங்க வேர்க்கும் டாக்டர். மிச்சத்துக்கு மேஸ்திரிக்குத் தெரியாம நானே ஊத்திக்குவேன்."

முதுகில் பழுப்பு மருந்தைப் பூசி, மேலே மாவு தூவி, சூடான அறையில் உட்காரவைத்தார்கள். வேர்வை பட்ட இடம் கறுநீலமாக மாறுமாம். வெளியே வந்தவள் போனில் எடுத்த படத்தை என்னிடம் காட்டினாள். நடுமுதுகிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்குகிற பட்டைகள். ஒன்று கறுநீலம், ஒன்று வெறும் பழுப்பு, மறுபடி கறுநீலம். "யாரோ பாதி தேச்சிட்டுச் சாப்பிடப் போயிட்டாங்கடா" என்றாள்.

டாக்டரம்மா எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார். "இந்தக் கோளாறு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பையனுக்கு அம்மாகிட்டேருந்து வர்ற எக்ஸ் ஒண்ணுதான். அது பழுதா இருந்தா வேற வழி இல்ல. பொண்ணுக்கு அம்மாவோடது ஒண்ணு, அப்பாவோடது ஒண்ணு. கருவுல இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஏதாவது ஒண்ண மூடி வச்சிரும். நல்லது திறந்திருக்கிற இடம் வேர்க்கும், பழுதானது திறந்திருக்கிற இடம் வேர்க்காது. சில பொண்ணுங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. சிலருக்கு உங்கள மாதிரி. நீங்க சும்மா சுமக்கல, உங்களுக்கும் இருக்கு. தண்ணி ஊத்திக்கிறது சரிதான். ஆனா ஒளிஞ்சு பண்ணாதீங்க, ஒருநாள் பாட்டில் காலியாயிடும்."

"ஆயிடுச்சு" என்றாள் அக்கா.

வீட்டில் அம்மா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையைப் பின்னால் வளைத்துத் தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் காலையில் கொடியில் இரண்டு ஈரத் துண்டுகள் தொங்கின.

நேற்று ஓட்டல் முதலாளி கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார். மேஸ்திரி அவரை நேராக முதல் மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதலாளி அக்காவின் நனைந்த முதுகைப் பார்த்து நெகிழ்ந்து போனார். "பாருங்கய்யா, எப்படி வேர்வை சிந்தி உழைக்குது இந்தப் பொண்ணு!" மேஸ்திரி தானே வேர்த்த மாதிரி பூரித்தார். அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், மேசை அவளுடையது. நான் கையிலிருந்த சீட்டைக் கட்டாமல் நின்றேன்.

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இது வேர்வ இல்ல சார், தண்ணி. எனக்குப் பாதி உடம்பு வேர்க்காது. பொறப்புலேயே அப்படி. என் வேலைய முதுகுல பாக்காதீங்க, சட்டையில பாருங்க." பிறகு மேஸ்திரியிடம், "அண்ணே, உங்க மேச காத்தாடிய இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பி விடுங்க" என்றாள்.

கூடத்தில் எல்லாப் பெட்டிகளும் நின்றுவிட்டன. மேஸ்திரியின் காற்றாடி இன்னும் அவர் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா பாட்டிலை எடுத்தாள். நல்லவேளை, அன்றைக்கு மூக்கை ஒழுங்காகத்தான் வைத்திருந்தேன். துணிக்கு ஒன்று பீச்சினாள். பிறகு இடப்பக்கம் பார்க்காமல், எல்லோரும் பார்க்க, கழுத்தை நன்றாக நிமிர்த்தித் தனக்கு ஒன்று.