பூஞ்சணத்துக்குப் பட்டினி

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில், வெட்டிப்போட்ட மிளாறுக் குச்சிகளை விறகுக்குப் பொறுக்கியபோது ஒரு முனை இடது மணிக்கட்டில் குத்திவிட்டது. காயம் ஆறவில்லை. சில வாரங்களில் அங்கே ஒரு கட்டி வந்தது. பிறகு முழங்கைவரை வரிசையாக இன்னும் நான்கு. ஒவ்வொன்றாக உடைந்து நீர் வடிந்தது. வலி மட்டும் அதிகமில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பக்கத்து லயத்து வரிசை வீடுகளில் ஒருவருக்கு இப்படி வலிக்காத புண்தான் வந்தது. குஷ்டம் என்று லொறியில் ஏற்றிப் போனார்கள். அவர் திரும்பவில்லை. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது.

கையில் துணி சுற்றி, கம்பளிக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒரு நாள் கொழுந்து நிறுக்கும்போது துணி நழுவியது. கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டு என்னைத் தோட்டத்து டாக்டர் ஐயாவிடம் அனுப்பினார். அவர் சீழ் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். பதில் வரும்வரை, லொறிச் சத்தம் கேட்டாலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் ஓடி ஒளிந்தேன்.

கடைசியில் கடிதம் வந்தது. குஷ்டமில்லை, பூஞ்சணம் என்றார் ஐயா. கொழும்பில் அதை இரண்டு கண்ணாடிக் குழாய்களில் வளர்த்துப் பார்த்தார்களாம். பி ஒன்று என்ற விட்டமினைப் போடாத குழாயில் அது வளரவே இல்லையாம்.

"அந்தச் சத்த அதுக்குச் செஞ்சுக்கத் தெரியாது. ஒன் ஒடம்புல இருந்துதான் எடுத்துக்குது" என்றார். கட்டிகள் வற்ற, பாலில் கலந்து குடிக்க அயோடைடு உப்புச் சொட்டு மருந்தும் கொடுத்தார்.

அவர் சொன்னதில் பாதிதான் என் காதில் ஏறியது. நான் தின்பதெல்லாம் அதற்குத்தான் போகிறது என்று முடிவு கட்டிச் சோற்றை விட்டேன். பாலையும், அதோடு மருந்தையும் விட்டேன். வெறும் தேத்தண்ணியோடு நான்கு நாள். ஐந்தாம் நாள் மலையிலேயே மயங்கி விழுந்தேன். வீட்டுக்காரர்தான் டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனார்.

ஐயா திட்டவில்லை. "பட்டினி கெடந்தா மொதல்ல நீதான் போவ" என்றார். வேறு சில பூஞ்சணங்கள் அந்தச் சத்தைத் தாங்களே செய்துகொள்ளும், மனித உடம்புக்கு அந்த வேலையே கிடையாது, அதனால் அவை சத்துச் செய்வதை மட்டும் தடுக்கிற மருந்து கிடைத்தால் நமக்குக் கெடுதல் இல்லாமல் அவற்றைக் கொல்லலாம் என்று விளக்கினார். அப்படி மருந்து இருக்கிறதா என்று கேட்டேன்.

"இன்னும் இல்லம்மா. ஒன் பூஞ்சணத்துக்கு இருக்கிறது இந்தச் சொட்டுதான். சோறு தின்னுட்டுக் குடி."

குடித்தேன். வாயெல்லாம் இரும்பு ருசி. மூக்கு ஓயாமல் ஒழுகியது. மூன்று மாதத்தில் கட்டிகள் வற்றித் தழும்பாயின. ஐயா நிறுத்தச் சொன்ன பிறகும், யாருக்கும் தெரியாமல் போத்தல் காலியாகும்வரை குடித்துக்கொண்டிருந்தேன்.