எடையில்லாத சுவர்கள்

கம்ப்யூட்டரில் வரைபடத்தைத் திறந்ததுமே அதீபாவுக்கு அது எந்த வீடு என்று தெரிந்துவிட்டது. செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில், அவள் பத்தாவது முடிக்கிற வரைக்கும் குடியிருந்த வாடகை வீடு. உரிமையாளர் சக்கரபாணி இப்போது அதைத் தங்கும் விடுதியாக்கப் போகிறார். பழைய சுவர்களை வைத்துக்கொள்வதா, இடித்துக் கட்டுவதா என்று கேட்டிருந்தார்.

வேங்கிக்காலில் ஒரு சின்ன நிறுவனத்தில் அதீபாவுக்கு வேலை. ஒரு கட்டடத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்த்து, உள்ளே எந்த மாதம் எவ்வளவு சூடு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்வாள். இந்த வீட்டை அப்படிப் பதிந்து வைத்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அது அவள் கைக்கு வந்தது.

முடிவு நம்பும்படியாக இல்லை. மே மாதம் மதியம் மூன்று மணிக்கு நடு அறையில் நாற்பத்தெட்டு டிகிரி, விடிகாலையில் இருபத்து நான்கு. தெருவிலேகூட நாற்பத்தொன்றைத் தாண்டவில்லை, இருபத்தேழுக்குக் கீழே இறங்கவும் இல்லை.

"பழைய வீடு, அப்படித்தான் இருக்கும். இடிக்கலாம்னு எழுதிடும்மா" என்றார் மேலாளர் புகழேந்தி.

"இல்லைங்க சார். அந்த ரூம்ல பதினோரு வருஷம் இருந்தேன். மதியத்துல சூடு கம்மி. பொழுது சாஞ்சப்புறம்தான் ஜாஸ்தி."

"ஞாபகத்தை ரிப்போர்ட்ல எழுத முடியாதேம்மா."

ஜன்னல் அளவு, கூரை, காற்றோட்டம் எல்லாவற்றையும் சரிபார்த்தாள். தப்பு எதுவும் கிடைக்கவில்லை. அப்போதுதான் அத்தாவின் நினைப்பு வந்தது. அவள் அப்பா மதார் சாகிப் பம்ப்செட் மெக்கானிக். உச்சி வெயிலில் வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றிவிட்டு, மேற்குச் சுவரில் வெறும் முதுகைச் சாய்த்து உட்காருவார். "நீயும் வா பாப்பா" என்பார். சுவர் ஜில்லென்றிருக்கும். அதே சுவர் எட்டு மணிக்குத் தோசைக்கல்லாகக் காயும். குடும்பமே பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடும். அவர் தவறி ஆறு வருஷமாகிறது.

மதியத்துச் சூடு எட்டு மணி வரைக்கும் எங்கே இருந்தது? சுவருக்குள்தான். அதீபா சுவரின் விவரப் பக்கத்தைத் திறந்தாள். ஒன்றரை அடிச் செங்கல் சுவருக்கு, வெப்பத்தைத் தடுக்கும் அளவு மட்டும் பதிவாகியிருந்தது. எடையும் இல்லை, சூட்டைப் பிடித்துவைக்கிற தன்மையும் இல்லை. கணக்கில் அது வெறும் காகிதச் சுவர். கூரையும் தரையும் அப்படித்தான்.

செங்கல், சுண்ணாம்பு, காரை என்று ஒவ்வொன்றாகப் பதிந்து கணக்கை மறுபடி ஓட்டினாள். மதியம் முப்பத்தாறு, இரவு எட்டு மணிக்கு முப்பத்தெட்டு, விடிகாலை முப்பத்திரண்டு. புகழேந்தி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் அந்த அறையில் வெப்பமானி வைக்கச் சொன்னார். அப்போதும் மே மாதம்தான்; அது காட்டியது கணக்கிலிருந்து ஒரு டிகிரிகூட விலகவில்லை. "நீ சொன்னதுதான் சரி" என்றார்.

சுவர்கள் இருக்கட்டும் என்று அறிக்கை போயிற்று. சக்கரபாணியும் சம்மதித்தார்.

விஷயத்தைச் சொல்ல அம்மா பீபி ஜானுக்குப் போன் செய்தாள்.

"நம்ம சமையல்கட்டு என்னாச்சு?" என்று கேட்டார் அம்மா.

"பாத்ரூம் ஆகப்போகுதும்மா."

அம்மா சிரித்தார். "அங்க சுவத்துல ஒரு மாடம் இருக்கும், உங்க அத்தா கூலிக் காசைக் கொண்டுவந்து வைக்கிற இடம். அதை மட்டும் மூடிட வேணாம்னு சொல்லு" என்றார்.